யோசேப்பு ஒரே கதையை இரண்டு விதமாகச் சொன்னார்

பழைய காரியம் ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது என்று நம் சபையில் ஒரு பிள்ளை வந்து சொன்னால், பெரியவர்களிடம் அதற்கு ஒரு வசனம் தயாராக இருக்கும். பிலிப்பியர் 3:13. பின்னால் கிடப்பதை மறந்துவிட்டு முன்னால் இருப்பதை நாடி ஓடுகிறேன் என்று பவுல் எழுதியது. வசனத்தைச் சொல்லி, தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிடுவோம். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் மறந்து பார்க்கும். மறக்காது. வசனம் சொல்லியும் மறக்கவில்லையே, அப்படியானால் என் விசுவாசத்தில்தான் கோளாறு என்று நினைக்கும். இருந்த பாரத்தோடு இதுவும் ஒரு பாரமாகச் சேர்ந்துகொள்ளும்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் மேலே போய் வாசியுங்கள். மறக்கிறேன் என்று எழுதுவதற்கு எட்டு வசனங்கள் முன்னால் பவுல் என்ன செய்கிறார்? தன் பழைய கதையை முழுவதுமாகச் சொல்கிறார். எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றவன், பென்யமீன் கோத்திரத்தான், பரிசேயன், சபையைத் துன்பப்படுத்தினவன் என்று வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். மறந்துபோனவர் இப்படி எழுத முடியாது. இவ்வளவு தூரம் ஓடிவிட்டேன் என்று ஓட்டக்காரன் பாதியில் நின்று திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதுதான் அவர் சொல்லவந்தது. நினைவில் இருப்பதைத் துடைத்துப்போடச் சொல்லவில்லை.

பவுலின் நினைவு எவ்வளவு துல்லியமானது என்பதற்கு அப்போஸ்தலர் 22ஆம் அதிகாரம் சாட்சி. எருசலேமில் கோட்டைப் படிகளில் நின்றுகொண்டு, தன்னைக் கொல்லத் துடிக்கும் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறார். ஸ்தேவான் கல்லெறியப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பேச்சில் ஸ்தேவானின் இரத்தத்தைச் சொல்கிறார். அதோடு, கல்லெறிந்தவர்களின் மேலாடைகளைக் காவல் காத்துக்கொண்டு நான் நின்றேன் என்பதையும் சொல்கிறார். அந்தத் துணிகளை அவர் மறக்கவில்லை. எத்தனை சபைகளை நாட்டியிருந்தார், எத்தனை கடல் கடந்திருந்தார்! இருந்தும், காலடியில் குவிந்து கிடந்த அந்த மேலாடைகள் அவர் கண்முன்னே அப்படியே இருந்திருக்கின்றன.

ஆகவே மறக்க முடியவில்லை என்பதற்காக உங்கள் விசுவாசத்தைச் சந்தேகப்படாதீர்கள். விசுவாசம் பழைய நாட்களை அழிப்பதில்லை. நடந்தது நடந்ததுதான், தேவனும் அதை நடக்காததாக ஆக்கிக் காட்டுவதில்லை. அந்த நாட்கள் உங்களை என்ன செய்யலாம், நீங்கள் அவற்றைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதைத்தான் விசுவாசம் மாற்றுகிறது. அதற்கு வருஷங்கள் ஆகும். வேதாகமத்தில் இதை மிகத் தெளிவாகக் காட்டுகிற மனுஷன் யோசேப்பு.

யோசேப்பின் கதையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டுவிட்டோம். பலவருண அங்கி, குழி, மீதியானியர், போத்திபார் வீடு, சிறைச்சாலை, சிங்காசனம். படம் வரைந்து வண்ணமும் தீட்டியிருக்கிறோம். அதனாலேயே சில இடங்களை நின்று வாசிக்காமல் தாண்டிவிடுகிறோம்.

ஆதியாகமம் 40ஆம் அதிகாரத்தில், சிறையில் பானபாத்திரக்காரனிடம் யோசேப்பு ஒரு காரியம் சொல்கிறார்: எபிரெயருடைய தேசத்திலிருந்து என்னைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்துவிட்டார்கள், இங்கேயும் இந்தக் காவல்கிடங்கில் போடுவதற்கு நான் ஒரு குற்றமும் செய்யவில்லை. அப்போது அவருக்கு வயது 28. பார்வோன் முன்னால் நின்றது 30 வயதில், அதற்கு இரண்டு வருஷம் முந்தைய பேச்சு இது. குழியில் போடப்பட்டபோது வயது 17. பதினோரு வருஷம் கழித்தும் அவர் வாயில் வந்தது 'திருடிக்கொண்டு வந்தார்கள்' என்பதுதான். தேவனுடைய சித்தம், மேலான நோக்கம் என்றெல்லாம் அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அதற்காக வேதம் அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. சிறையிலும் கர்த்தர் அவரோடே இருந்தார் என்றுதான் எழுதியிருக்கிறது.

இன்னும் ஒரு பதினோரு வருஷம் போகிறது. ஏழு வருஷச் செழிப்பு முடிந்து, பஞ்சத்தின் இரண்டாம் வருஷம். அண்ணன்மார் தானியம் கேட்டு எதிரே நிற்கிறார்கள். யோசேப்புக்கு வயது 39. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, பார்வோனுடைய வீட்டார் வரைக்கும் கேட்கும்படி சத்தமிட்டு அழுகிறார். பிறகு பேசுகிறார்: நீங்கள் விற்றுப்போட்ட உங்கள் தம்பி யோசேப்பு நான்தான், ஆனால் உயிர்களைக் காப்பதற்காகத் தேவன் என்னை உங்களுக்கு முன்னே அனுப்பினார்.

அதே சம்பவம்தான், அதே குழிதான். 28 வயதில் சொன்னது, திருடிக்கொண்டு வந்தார்கள். 39 வயதில் சொன்னது, தேவன் அனுப்பினார். முதலில் சொன்னது பொய்யாகிவிட்டதா? ஆகவில்லை. இரண்டாவது பேச்சிலும் 'நீங்கள் விற்றீர்கள்' என்பது அப்படியே நிற்கிறது. அண்ணன்மார் செய்ததை மறைத்து, அதைத் தேவன் பெயரில் எழுதிவைக்கவில்லை. தகப்பன் இறந்தபின் 50ஆம் அதிகாரத்தில் மறுபடியும் பேசுகிறபோதும், நீங்கள் எனக்குத் தீமைதான் நினைத்தீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான், தேவன் அதை நன்மையாக முடித்தார் என்கிறார்.

இங்கே ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். இது பல வீடுகளைத் தொடும் விஷயம். தேவன் இதை நன்மையாக முடித்தார் என்று யோசேப்பு சொல்லலாம். அண்ணன்மார் சொல்லக்கூடாது. குழிக்குள் விழுந்தவன் தன் வாயால், தன் காலத்தில் சொல்லவேண்டிய சாட்சி அது. தள்ளிவிட்டவன் அதே வார்த்தையைச் சொன்னால் தப்பித்துக்கொள்ள வழி தேடுகிறான் என்று அர்த்தம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னால் அது அவசரப்பட்டுச் சொல்லும் ஆறுதல். அடி வாங்கி வந்த மனைவியிடமும், சிறு வயதில் உறவுக்காரன் ஒருவனால் கெடுதல் அடைந்த பெண்ணிடமும், 'எல்லாம் தேவனுடைய திட்டம்மா, மன்னித்துவிடு' என்று சொல்லி வாயை அடைத்த பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார்கள். ஆனாலும் அது தவறு, கொடிய தவறு.

உங்களில் யாருக்காவது அப்படி ஒன்று நடந்திருந்தால், அல்லது நடந்துகொண்டிருந்தால், முதலில் பத்திரமான இடத்துக்கு வாருங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் கூப்பிடலாம். போலீஸிடம் போவது அவிசுவாசம் அல்ல. மன்னிப்பதும் மறுபடி நம்புவதும் வேறு வேறு. யோசேப்பே அண்ணன்மாரைப் பார்த்த உடனே மார்போடு அணைத்துக்கொள்ளவில்லை. சிமியோனைப் பிடித்துவைத்தார். பென்யமீனை அழைத்துவரச் சொன்னார். வெள்ளிப் பாத்திரத்தைச் சாக்கில் வைத்துச் சோதித்தார். தம்பிக்காக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்து நின்ற பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினார். அண்ணன்மார் மாறிவிட்டார்களா என்று பார்த்தே திறந்தார் தன் மனதை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குழியில் போட்ட நாளைச் சொல்லும் 37ஆம் அதிகாரத்தில் யோசேப்பு அழுததாகவோ கெஞ்சியதாகவோ ஒரு வரி கூட இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆனபின், 42ஆம் அதிகாரத்தில், அண்ணன்மார் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதுதான் அது வெளியே வருகிறது. அவன் நம்மைக் கெஞ்சினபோது அவன் மனவியாகுலத்தைக் கண்டும் கேளாமல் போனோமே என்கிறார்கள். மொழிபெயர்க்கிறவன் வழியாகப் பேசிக்கொண்டிருந்ததால், தாங்கள் சொல்வது எதிரே நிற்கும் அதிகாரிக்குப் புரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. யோசேப்பு அவர்களை விட்டு அப்புறம் போய் அழுதார். தன் கூக்குரல் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது, இத்தனை வருஷமும் அது அவர்களை விடவில்லை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. காயம் ஆறத் தொடங்கிய இடம் அதுதான் என்பது என் எண்ணம். நமக்கு நடந்ததை யாராவது ஒருவர் 'ஆமாம், நடந்தது' என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் உங்களிடம் வந்து பேசினால், வசனம் சொல்வதற்கு முன் இந்த ஒன்றைச் செய்யுங்கள் என்று பெற்றோரையும் போதகர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

என் அம்மாவின் வேதாகமத்தில் முதல் தாளில் குடும்ப விவரம் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இது பழைய வழக்கம். பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், மரணம் எல்லாம் அந்தத் தாளில் ஏறும். எனக்கு முன்னால் பிறந்து, நடை பழகும் முன்னே காய்ச்சலில் போன ஒரு அண்ணனின் பெயரும் அதில் உண்டு. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் நீல மையில் 'சங்கீதம் 88' என்று அம்மா எழுதியிருந்தார்கள். அந்தச் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எங்காவது ஒரு துதிக்குத் திரும்பும். இது திரும்பாது, இருளில் தொடங்கி இருளிலேயே முடியும். அதற்குக் கீழே, பல வருஷம் கழித்துப் பென்சிலில், '2 சாமுவேல் 12:23' என்று இன்னொரு குறிப்பு. பிள்ளையை இழந்த தாவீது, அவன் என்னிடத்துக்குத் திரும்பி வரப்போவதில்லை, நான்தான் அவனிடத்துக்குப் போவேன் என்று சொன்ன இடம் அது. முதலில் எழுதியதை அம்மா அடிக்கவில்லை. இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக அப்படியே இருக்கின்றன. அம்மா இறையியல் படித்தவர்கள் அல்ல. ஆனால் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல முயல்வதையெல்லாம் அந்த இரண்டு குறிப்பில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதுவரை பேசியது நமக்கு மற்றவர்கள் செய்ததைப் பற்றி. நாம் மற்றவர்களுக்குச் செய்தது என்ன ஆவது? இந்த இடத்தில் நம் சபைகளின் பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. மனந்திரும்பிய நாளைச் சொல்கிறோம்; அன்றோடு பழையவை எல்லாம் ஒழிந்தன என்கிறோம். கன்வென்ஷன் மேடையில் சாட்சி சொல்லும்போது பழைய பாவங்களை ஒன்றுக்கு இரண்டாக்கிச் சொல்வாரும் உண்டு. இருட்டு எவ்வளவு கறுப்போ அவ்வளவு பிரகாசம் வெளிச்சத்துக்கு என்ற எண்ணம். ஆனால் அந்தப் பாவத்தால் அடிபட்டவர் யார், அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று மேடையில் யாரும் கேட்பதில்லை.

ஜான் நியூட்டனின் வாழ்க்கையை நிதானமாகப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான். 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதியவர் என்று உங்களுக்குத் தெரியும். அடிமை வியாபாரக் கப்பலில் இருந்தார், புயல் வந்தது, மனந்திரும்பினார், பாட்டு எழுதினார் என்று பிரசங்கங்களில் கதை சொல்லிமுடிப்பார்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள், வேறு ஒன்று தெரியும்.

பிறந்தது 1725இல். புயலில் கப்பல் மூழ்கப் பார்த்ததும், அவர் தேவனை நோக்கிக் கூப்பிட்டதும் 1748இல். அதற்குப் பிறகுதான், 1750 முதல் 1754 வரை, அடிமைக் கப்பலின் கேப்டனாக மூன்று பயணம் போனார். அந்த நாட்களில் அவர் ஜெபித்தார், வேதம் வாசித்தார். கப்பலின் கீழ்த்தட்டில் ஆப்பிரிக்க மக்கள் சங்கிலியில் கிடந்தார்கள். கலகம் செய்யத் திட்டம் என்ற சந்தேகத்தின் பேரில் சிறுவர்களின் கட்டைவிரலைத் திருகாணிக் கருவியில் வைத்து உண்மையை வரவழைத்ததைத் தன் கப்பல் குறிப்பேட்டில் அவரே எழுதியிருக்கிறார். 1754இல் உடல்நிலை காரணமாகக் கடலை விட்டார். 1764இல் ஓல்னி என்ற ஊரில் ஆங்கிலிக்கன் குருவானார். அதே ஆண்டு தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் தன் தூஷணப் பேச்சும் புயலும் மீட்பும் விரிவாக வருகின்றன. அடிமை வியாபாரமோ, தனக்கு மனம் ஒட்டாத ஒரு வேலை என்ற அளவில் வந்துபோகிறது. அந்தப் பாடல் 1773ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளுக்காக எழுதியது. அன்றைய பிரசங்க வசனம் 1 நாளாகமம் 17:16, 17. தாவீது கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து, தான் கடந்துவந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் இடம். அன்றைக்கும் அந்த வியாபாரத்தைப் பற்றி அவர் ஊரறிய வாய் திறக்கவில்லை.

வாய் திறந்தது 1788இல். ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தைப் பற்றித் தான் நினைப்பதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். கடலை விட்டு 34 வருஷம் ஆகியிருந்தது. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அதில் கதை சொல்லவில்லை, வாக்குமூலம் கொடுத்தார். அந்தக் கட்டைவிரல் கருவி எப்படி இருக்கும், எவ்வளவு வலி தரும் என்று எழுதினார். கப்பலுக்குள் மனிதர்களை எப்படி அடுக்கினார்கள் என்று எழுதினார். பார்லிமென்ட் விசாரணையிலும் போய்ச் சாட்சி சொன்னார். பின்னால் பார்லிமென்டில் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸ், இளைஞராகத் தன்னிடம் ஆலோசனை கேட்டு வந்தபோது, பொதுவாழ்வை விடாமல் இருக்கச் சொன்னதும் இந்த நியூட்டன்தான். அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார்.

1748இல் தேவன் நியூட்டனை மன்னிக்கவில்லையா? மன்னித்தார் என்றே நம்புகிறேன். ஆனால் அந்த மன்னிப்பின் வெளிச்சம் அவருடைய கடந்தகாலத்தின் கடைசி அறை வரைக்கும் போய்ச் சேர நாற்பது வருஷம் பிடித்தது. முதலில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது தன்னுடைய கெட்ட வார்த்தைகள். கடைசியில்தான் தெரிந்தது மற்றவனுடைய விரல். உங்களுக்கும் இப்படி நேரும். இருபது வயதில் ஒரு பாவத்துக்காக அழுவீர்கள். நாற்பதில் அதைவிடப் பெரிய ஒன்று தெரியும். அன்றைக்கு அது பாவமாகவே தோன்றியிருக்காது. அப்போது பயப்படாதீர்கள், பழைய மனந்திரும்புதல் போலி என்றும் நினைக்காதீர்கள். அதே ஆவியானவர் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு, பாக்கி இருப்பதைச் செய்யுங்கள். நியூட்டன் அந்த விவரங்களைத் தன் பாவத்தின் ஆழத்தைக் காட்டுவதற்காக மட்டும் வெளியிடவில்லை. கப்பலின் உள்ளே இருந்து பார்த்தவன் சொன்னால்தான் ஊர் நம்பும் என்று தெரிந்து வெளியிட்டார். அவருடைய வெட்கமே அடிமைகளுக்காகப் பேசும் சாட்சியமாக ஆகிவிட்டது.

பாக்கியைச் செய்வதில் ஆயக்காரனான சகேயுவுக்கு நாற்பது வருஷம் தேவைப்படவில்லை. எரிகோவில் காட்டத்தி மரத்திலிருந்து இறங்கிய அன்றே, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்று சொன்னார். அதைக் கேட்டபிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் இயேசு. கிருபை பாவத்தை மன்னிக்கும். கடைக்காரனுக்குக் கொடுக்கவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்யாது. பவுல் ஒநேசிமு என்ற அடிமையை அவன் எஜமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்பும்போதும், இவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வையும், நான் தீர்ப்பேன் என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். பழைய கணக்கை யாராவது ஒருவர் தீர்த்தே ஆகவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கடனும் காயமும் மட்டுமா கடந்தகாலம்? நாம் வந்த வழி, முன்னோர் கொடுத்த மொழி, வீட்டில் கேட்ட பாட்டு, பட்ட பசி எல்லாம் அதில் அடக்கம். கிறிஸ்துவண்டை வந்தவர் இதையெல்லாம் ஒட்டுமொத்தமாக வெளியே கொட்டிவிட வேண்டும் என்று சிலர் போதிக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் ஊர்க்காரர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையைப் பாருங்கள். 1827இல் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கரையிருப்பில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் ஊறியவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். கம்பனை மறந்துவிட்டு வா என்று கிறிஸ்து அவரிடம் கேட்கவில்லை. 1894இல் அச்சான அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' கதைக்கு ஜான் பனியனிடம் கடன்பட்டது. ஓசைக்கும் நடைக்கும் கம்பனிடம் கடன்பட்டது. சிறுவயதில் செவியில் விழுந்த விருத்தங்கள் வேறொரு ஆண்டவரைப் பாடுவதற்கு எழுந்து வந்தன.

பண்டித ரமாபாயின் கதை இன்னும் ஆழமானது. 1858இல் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, பெண்களுக்குச் சமஸ்கிருதம் கூடாது என்று சொன்ன காலத்தில் மனைவிக்கும் மகளுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தவர். புராணம் வாசித்துக்கொண்டு க்ஷேத்திரம் க்ஷேத்திரமாக நடந்த குடும்பம். 1870களின் பஞ்சத்தில் அவர்கள் கையில் இருந்ததெல்லாம் தீர்ந்தது. தகப்பன், தாய், அக்கா என்று ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மிஞ்சிய அண்ணனும் தங்கையும் கால்நடையாகவே தேசத்தைச் சுற்றினார்கள். 1878இல் கல்கத்தாவுக்கு வந்தபோது ரமாபாயின் புலமையைக் கண்டு 'பண்டிதா', 'சரஸ்வதி' என்று பட்டம் கொடுத்தார்கள். பிறகு அண்ணனும் போனார். கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்குள் கணவரும் காலராவில் போனார். கையில் ஒரு பெண் குழந்தை. 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1889இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனம் தொடங்கினார்.

1896இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் என்று செய்தி வந்தது. ரமாபாய் தன் பழைய பஞ்ச நாட்களை நினைத்தார். அந்த அனுபவங்களை எழுதியும் வைத்திருக்கிறார். எலும்பும் தோலுமாக ஒரு பெண் வழியோரம் உட்கார்ந்திருந்தால் அடுத்து அவளுக்கு என்ன நேரும், அவளை யார் வந்து அழைத்துப்போவார்கள் என்று அவருக்குச் சொல்லித்தர ஆள் தேவையில்லை. தானே புறப்பட்டுப் போனார். நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். புனேக்குப் பக்கத்தில் கேட்காவ் என்ற ஊரில் முக்தி என்ற பெயரில் அவர்களுக்கு வீடு எழுந்தது. சோறு போட்டார், எழுத்து கற்றுக்கொடுத்தார், தொழில் கற்றுக்கொடுத்தார். அப்பா கொடுத்த கல்வியையும் அவர் வீணாக்கவில்லை. எபிரெயமும் கிரேக்கமும் கற்று, வேதாகமத்தை எளிய மராத்தியில் பெயர்ப்பதற்காகத் தம் கடைசி வருஷங்களைக் கொடுத்தார். 1922இல் காலமானார். பெற்றோர் பசியால் செத்தது நன்மைக்கே என்று அவர் சொன்னதாக நான் எங்கும் வாசித்ததில்லை. அந்தப் பசியை அவர் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதற்குக் கேட்காவ் இருக்கிறது.

பேதுருவையும் சொல்லாமல் முடிக்க மனமில்லை. பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில், குளிரில், கரிநெருப்பண்டை நின்றுதான் பேதுரு மூன்று தரம் மறுதலித்தார். உயிர்த்தெழுந்த இயேசு திபேரியா கடற்கரையில் காலை ஆகாரம் செய்துவைத்துக் காத்திருந்தபோது, அங்கேயும் கரிநெருப்பு போட்டிருந்ததாக யோவான் எழுதுகிறார். அந்தப் புகை மணம் பேதுருவுக்கு என்ன செய்திருக்கும்! இயேசு அந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது பேதுரு துக்கப்பட்டார். ஒவ்வொரு தரமும் ஆட்டுமந்தையைப் பற்றி ஒரு வேலையும் கிடைத்தது. அந்த மறுதலிப்பு நாலு சுவிசேஷங்களிலும் இருக்கிறது. சபையின் தலைவர்களில் ஒருவரான பேதுருவின் வீழ்ச்சியை யாரும் மூடி மறைக்கவில்லை. அவரே சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தன்னைப்போல் விழுந்தவன் ஒருவன் சபைக்குள் தயங்கி நுழையும்போது, அவன் கையைப் பிடிக்க அந்தக் கதை பேதுருவுக்கு உதவியிருக்கும்.

பிள்ளைகளே, உங்களிடம் கேட்பது இரண்டு காரியம். ஒரு நோட்டு எடுத்து, உங்களை விடாமல் துரத்துகிற அந்த ஒன்றை, நடந்தது நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள். அகுஸ்தீன் தன் வாழ்க்கையைத் தேவனை நோக்கிப் பேசுகிற ஜெபமாகவே எழுதினாரே, அதுபோல அவரைப் பார்த்தே எழுதுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடு எழுதுங்கள். சங்கீதக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். தேதியைப் போட்டு, கீழே இடம் விட்டு மூடிவையுங்கள். அந்த இடத்தில் எழுதவேண்டியது என்ன என்பதை இன்றைக்கே கண்டுபிடிக்கவேண்டும் என்று யாராவது உங்களை அவசரப்படுத்தினால் கேட்காதீர்கள். யோசேப்புக்கு 22 வருஷம் கொடுத்தவர் உங்களுக்கும் நேரம் கொடுப்பார்.

ஆனால் எழுதிக்கொண்டு போகும்போது, நீங்கள் யாருக்காவது கொடுக்கவேண்டிய பணமோ, கேட்கவேண்டிய மன்னிப்போ, திருத்தவேண்டிய ஒரு பொய்யோ வெளியே வந்தால், அதற்கு மட்டும் நேரம் கேட்காதீர்கள். இந்த மாதமே போய்க் கொடுத்துவிடுங்கள், கேட்டுவிடுங்கள்.